பாய்க்கப்பலில் ஒரு கிழமை: எந்தக் கப்பலைத் தெரிவது, எப்படி ஆயத்தமாவது?

வாவிக்கரையாள் (கல்லடி)

எல்லோருக்கும் வணக்கம். சுவிசில் இருக்கும் அண்ணா வருகிற ஆகஸ்ட் விடுமுறைக்குக் குடும்பம் முழுவதையும் ஒரு கிழமை பாய்க்கப்பலில் கூட்டிப் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். ஆயிரக்கணக்கானோர் ஏறும் பெரிய சொகுசுக் கப்பல் அவருக்கு வேண்டாமாம், பாய் விரித்துக் காற்றில் ஓடுகிற கப்பல்தான் வேண்டுமாம். எனக்கும் ஆசைதான். ஆனால் ஏற்பாடு எல்லாம் என் தலையில் விழுந்திருக்கிறது, இது பற்றித் தமிழில் தேடினால் உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை.

எட்டுப் பேர் போகிறோம். இங்கிருந்து அப்பா, அம்மா, நான், என் கணவர். அங்கிருந்து அண்ணா, அண்ணி, பிள்ளைகள் இரண்டு பேர், மூத்தவனுக்கு 13, சின்னவளுக்கு 9. அண்ணா இரண்டு தெரிவு அனுப்பியிருக்கிறார். ஒன்று மத்தியதரைக் கடலில் ஓடும் பெரிய பாய்க்கப்பல், நூறு பேருக்கு மேல் ஏறுவார்கள். மற்றது இந்தோனேசியாவில் கொமோடோ தீவுப் பக்கம் ஒரு பினிசி மரக்கப்பலை எங்கள் குடும்பத்துக்கு மட்டும் முழுதாக எடுப்பது. படங்களைப் பார்த்தால் இரண்டிலும் பாய் விரிந்து நிற்கிறது, இரண்டும் அழகுதான், அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

என் கவலைகளைச் சொல்லி விடுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், கல்லடிக் கடற்கரை மணலில் கொஞ்சத் தூரம் நடந்தாலே இருந்து விடுவார். அப்பாவுக்குச் சீனியும் பிரஷரும் இருக்கிறது. இளமையில் வாவியில் தோணி வலித்து இறால் பிடித்தவர் என்பதால் "கடல் எனக்கு என்ன செய்யும்" என்கிறார். நான் கண்டிக்குப் போகும்போது மகியங்கனை வளைவுகளிலேயே வாந்தி எடுக்கிற ஆள். வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு மரக்கறிதான்.

எதைத் தெரிவது, ஏஜென்சியிடம் என்ன கேட்பது, இப்போதிருந்தே என்ன செய்ய வேண்டும்? போய் வந்தவர்கள், கப்பலில் வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் விவரமாகச் சொல்லுங்கள்.

---

கல்முனைக் கப்பற்காரன்

தங்கச்சி, நான் கல்முனை. பெரிய சொகுசுக் கப்பல்களிலும் பிறகு பாய்க்கப்பலிலும் சாப்பாட்டுப் பகுதியில் வேலை பார்த்தவன், ஆகவே தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக வரும்.

பாய்க்கப்பல் என்று விற்கிறதெல்லாம் ஒரே சாதி இல்லை. உண்மையாகவே காற்றில் ஓடுகிற பெரிய பயணிக் கப்பல்கள் உலகத்திலேயே கொஞ்சம்தான். ஸ்டார் கிளிப்பர்ஸ் நிறுவனத்தின் ஸ்டார் ஃபிளையர், ஸ்டார் கிளிப்பர் இரண்டும் 1991, 1992இல் பெல்ஜியத்தில் கட்டியவை, நான்கு பாய்மரம், 16 பாய், 170 பேரளவில் ஏறலாம். அவர்களுடைய பெரிய கப்பல் ரோயல் கிளிப்பர் 2000இல் வந்தது, ஐந்து பாய்மரம், 42 பாய், 227 பயணிகள். அப்புறம் சீ கிளவுட். 1931இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஒரு பணக்காரக் குடும்பத்தின் சொந்தக் கப்பலாகக் கட்டியது, இன்றைக்கும் மாலுமிகள் மரத்தில் ஏறிக் கையாலேயே பாய் விரிக்கிறார்கள், 64 பேர்தான் ஏறலாம், விலையும் அதற்கேற்றபடி. விண்ட்ஸ்டார் நிறுவனத்தின் பாய்க்கப்பல்கள் வேறு வகை. பாயைக் கணினி விரிக்கும், சொகுசு அதிகம், ஆனால் பெரும்பாலும் இயந்திரம்தான் தள்ளும், பாய் அதற்கு உதவி. துருக்கிக் கரையில் ஓடும் குலெட் மரப்படகுகளிலும் கொமோடோவில் ஓடும் பினிசிகளிலும் அனேகமானவை இயந்திரப் படகுக்குப் பாய்மரம் நட்ட கதைதான். எல்லாவற்றையும் சொல்லவில்லை, ஆனால் அனேகமானவை.

ஆகவே முதல் கேள்வி இது: ஒரு கிழமையில் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பாயில் மட்டும் எத்தனை மணித்தியாலம் ஓடும்? ஏஜென்சி "காற்றைப் பொறுத்தது" என்று சொல்லும். அது உண்மைதான், ஆனாலும் விட்டுவிடாதீர்கள், பயண நிரலை வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் ஒரு துறைமுகம், இரவு பத்து மணிக்குப் புறப்பாடு என்று இருந்தால் பாய் விரிந்து ஓடுவதெல்லாம் நீங்கள் தூங்கும்போதுதான் நடக்கும். அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு ஒரு துறைமுகத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று இருந்தால், காற்று எதிராக அடித்தால் கப்டன் என்ன செய்வார்? இயந்திரத்தைத்தான் போடுவார். ஒரு முழு நாளாவது கடலிலேயே நிற்கிற நிரலைத் தெரிவு செய்யுங்கள். அந்த ஒரு நாளுக்காகத்தான் உங்கள் அண்ணா காசு கொடுக்கிறார். இயந்திரச் சத்தம் அடங்கி, கயிறு முறுகும் சத்தமும் தண்ணீர் ஓடும் சத்தமும் மட்டும் கேட்கும், தளம் ஒரு பக்கம் மெல்லச் சரியும், மேசையில் வைத்த கரண்டி தானாக நகரும். வேலைக்கு நடுவிலும் அதை நின்று பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது அம்மாவின் முழங்கால். என்னைக் கேட்டால் இதுதான் உங்கள் குடும்பத்துக்கு முதல் கேள்வியாக இருக்க வேண்டும். நான் சொன்ன ஸ்டார் கிளிப்பர்ஸ் கப்பல்களில் லிஃப்ட் கிடையாது. படுக்கை அறை ஒரு தளம், சாப்பாட்டு அறை இன்னொரு தளம், வெளித்தளம் அதற்கும் மேலே, எல்லாம் படிதான். அதைவிடப் பெரிய விஷயம், பாய்க்கப்பல் போகிற சின்ன ஊர்களில் துறைமேடை இராது. கப்பல் வெளியே நங்கூரமிடும், பக்கவாட்டில் ஒரு ஏணிப்படியை இறக்குவார்கள், அதன் அடியில் சின்னப் படகு வந்து நிற்கும். படகு அலைக்கு ஏற ஏறக் கிட்ட வரும், தாழத் தாழ எட்டப் போகும். மாலுமி இரண்டு பக்கமும் நின்று முழங்கைக்குக் கீழே இறுக்கிப் பிடித்து, படகு மேலே வருகிற நேரம் பார்த்து "இப்போ" என்பான், அந்தக் கணத்தில் காலை வைக்க வேண்டும். யோசித்து நின்றால் படகு கீழே போய்விடும். சில இடங்களில் ரப்பர் படகைக் கரையில் முட்ட விட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கச் சொல்வார்கள். உங்கள் அம்மாவால் இது முடியுமா என்று வீட்டில் இருந்தே பார்க்கலாம். ஒரு உயரமான படியில் யாரையும் பிடிக்காமல் ஏறி இறங்கச் சொல்லுங்கள். கஷ்டமென்றால் அதற்காகப் பயணத்தை விட வேண்டாம். எத்தனை துறையில் கப்பல் மேடையோடு கட்டும், எத்தனையில் படகு என்று ஏஜென்சியிடம் எழுத்தில் கேளுங்கள், மேடை அதிகமுள்ள நிரலை எடுங்கள். படகில் போகிற நாட்களில் அம்மா கப்பலிலேயே இருக்கட்டும். கப்பலில் ஆள் குறைந்து தளம் அமைதியாக இருக்கும் நேரம் அதுதான்.

பினிசியில் இது இன்னும் கடினம். மர ஏணி செங்குத்தாக இருக்கும், குளியலறை வாசலில் தண்ணீர் வராதபடி உயரமான தடுப்பு இருக்கும், ஒவ்வொரு தடவையும் தாண்ட வேண்டும். பிள்ளைகளுக்குச் சொர்க்கம். பினிசி கட்டும் கலையை யுனெஸ்கோ 2017இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது, தெற்கு சுலவேசியில் இன்றைக்கும் கடற்கரையில் வைத்தே கட்டுகிறார்கள், உள்ளதைச் சொன்னால் அது கண்கொள்ளாக் காட்சி. ஆனால் என் மச்சான் குடும்பம் கொமோடோவுக்குப் படகு ஏறும் ஊரான லபுவான் பாஜோவிலிருந்து ஒரு பினிசியில் போனார்கள், விளம்பரப் படத்தில் ஏழு பாயும் விரிந்து நின்றது, போனதிலிருந்து திரும்பும்வரை ஒரு பாயின் கட்டுக்கூட அவிழவில்லை. கேட்டதற்கு, படம் பிடிக்க வேண்டுமென்றால் தனிக்காசு என்றார்களாம்.

என் முடிவு: உங்கள் எட்டுப் பேருக்கும் மத்தியதரைக் கடல் பெரிய கப்பல். அறை எடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் எடுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. மலிவான சில அறைகளில் கட்டில் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும், அதை அம்மா அப்பாவுக்கு எடுத்து விடாதீர்கள்.

---

பாலமீன்மடுப் பொடியன்

அக்கா, கல்முனைக் காக்கா கப்பலைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் காற்றைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கடல் தொழில், காற்றைக் கேட்காமல் யாரும் வத்தையை இறக்க மாட்டார்கள். நீங்கள் கப்பலைத் தெரிகிறீர்கள், அதற்கு முன்னால் கடலையும் மாதத்தையும் தெரிய வேண்டும்.

ஆகஸ்ட் என்று முடிவாகிவிட்டது. நம்முடைய கிழக்குக் கடலுக்கு அது நல்ல மாதம், பாசிக்குடாவில் அலையே இராது, அதை மனதில் வைத்துக்கொண்டு மற்றக் கடலும் அப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் நடுவிலுள்ள ஏஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்டில்தான் மெல்டெமி என்ற வடக்குக் காற்று பலமாக அடிக்கும். வானம் நீலமாக, மேகமே இல்லாமல் இருக்கும், ஆனால் கடல் கொந்தளிக்கும், சில நாட்களுக்குத் தொடர்ந்து நிற்கும். பாய் ஓட்டம் வேண்டுமென்பவனுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. உங்களைப் போல வளைவில் தலைசுற்றுகிறவருக்கும் முழங்கால் நோ உள்ளவருக்கும் அது சரிவராது, அலை கூடினால் ஏணிப்படியில் இறங்குவதும் கஷ்டம், சில துறைக்குப் போகாமலே கப்பல் கிறுகிவிடும். இத்தாலியின் மேற்குக் கரை, சிசிலிப் பக்கம் அந்த மாதத்தில் பொதுவாக மென்மையாக இருக்கும். காற்றுக் குறைந்தால் பாய் ஓட்டமும் குறையும், அதையும் அண்ணாவிடம் முதலே சொல்லி வையுங்கள். உங்கள் குடும்பத்துக்கு நான் மென்மையான பக்கத்தைத்தான் எடுப்பேன்.

கொமோடோவுக்கும் ஆகஸ்ட் மழையில்லாத காலம்தான், அதில் பிழையில்லை. ஆனால் தென்கிழக்குக் காற்று அடிக்கிற மாதம், தீவுகளின் தெற்குப் பக்கம் அலை எழும்பும், தீவுகளுக்கு இடையில் நீரோட்டம் பலம். அங்கே படகு எடுப்பதென்றால் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா, பிள்ளைகள் அளவில் இருக்கிறதா, ரேடியோ வேலை செய்கிறதா, இரவில் ஓடுமா நங்கூரத்தில் நிற்குமா என்று கேட்காமல் காசு கட்ட வேண்டாம். இரவில் ஓடாத படகாகப் பார்த்து எடுங்கள். அந்தப் பக்கத்தில் படகு கவிழ்ந்த செய்திகள் அடிக்கடி வருகின்றன.

அப்பாவைப் பற்றி ஒரு சொல். வாவியில் தோணி வலித்தவர் என்பது கையுக்கும் மனதுக்கும் பலம்தான், ஆனால் வாவியின் அலை குட்டை அலை, தோணியை அறையும், அவ்வளவுதான். கடலின் அலை நீளம், கப்பலை மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்கும், வயிற்றைக் குழப்புவது அந்த மெதுதான். பரீட்சித்துப் பார்க்க வழி இருக்கிறது. மாசி கழிந்து வாடை ஓய்ந்த பிறகு பாசிக்குடாவிலோ திருகோணமலையிலோ ஒரு படகை எடுத்து எல்லோரும் வெளியே போங்கள். திருகோணமலையில் திமிங்கிலம் பார்க்கக் கொண்டுபோகும் படகுகள் மே மாதமளவில் ஓடும், அது நல்ல தூரம் வெளியே போகும். விடியற்காலையில் போனால் கடல் அசையாது, ஒன்றும் தெரியாது. கரைக்குத் திரும்புவது கடற்காற்று எழும்பிய பிறகு என்று இருக்கிற மாதிரிப் போங்கள், யார் யாருக்கு என்ன செய்கிறது என்று அப்போது தெரியும். ஆனால் ஆறுதலான ஒன்று, பாய் விரித்து ஓடும் பெரிய கப்பல் இரண்டு பக்கமும் உருளாது, காற்று ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்து வைத்திருக்கும். இயந்திரத்தில் ஓடும்போதுதான் உருட்டல் கூட.

பிள்ளைகளுக்கு ஒரு கதை: வல்வெட்டித்துறையில் நம் ஆட்கள் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கினார், அது 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைக்குப் போய்ச் சேர்ந்தது, ஓட்டிப் போனவர்களும் வல்வெட்டித்துறைக்காரர்தான். சுவிசில் பிறந்த பிள்ளைகளுக்குக் கப்பல் ஏறமுதல் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

---

பாமசி மகள் (களுவாஞ்சிகுடி)

அக்கா, மருந்து விஷயத்தை மட்டும் சொல்கிறேன். நான் பாமசியில் வேலை செய்கிறவள், ஆனால் அப்பாவுக்கு உங்கள் வைத்தியரைக் கேட்டுத்தான் எதையும் கொடுக்க வேண்டும்.

கடல் மயக்கத்துக்குக் குளிசை எடுப்பதென்றால் தலை சுற்றத் தொடங்கமுதல் எடுக்க வேண்டும், வாந்தி வந்த பிறகு விழுங்கினால் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும். சினரிசின் என்றால் ஏறுவதற்கு இரண்டு மணித்தியாலம் முதல். அவோமின் என்று எல்லோருக்கும் தெரிந்த பஸ் குளிசையும் வேலை செய்யும், நல்ல நித்திரை வரும், சிலருக்கு நாள் முழுக்கவே தூக்கம். ஆகவே வீட்டில் ஒரு லீவு நாளில் ஒன்றைப் போட்டு உங்களுக்கு எது ஒத்துவருகிறது என்று பார்த்துக் கொள்ளுங்கள். அரைத்தூக்கத்தில் அந்த ஏணிப்படியில் இறங்குவது ஆபத்து.

வெளிநாட்டில் காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் ஒட்டு விற்கிறார்கள், மூன்று நாள் வேலை செய்யும், அண்ணா வாங்கி வருவேன் என்பார். சொந்தமாக முடிவெடுத்து அப்பாவுக்கு ஒட்ட வேண்டாம். புரொஸ்டேட் வீக்கம் உள்ளவருக்கு மூத்திரம் அடைக்கலாம், கிளொக்கோமா உள்ளவருக்குக் கண்ணில் அழுத்தம் கூடும். வயதானவர்களுக்குக் குழப்பமும் வரும். யாருக்கு ஒட்டினாலும் ஒட்டிய கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொட்டால் கண்மணி விரிந்து பார்வை மங்கும்.

அப்பாவின் சீனி, பிரஷர் குளிசைகள் பயண நாட்களுக்கும் மேலே இன்னொரு கிழமைக்கும் சேர்த்து எடுங்கள், பாதி ஒருவர் பையில், பாதி மற்றவர் பையில். விமானத்தில் கைப்பையில்தான் போக வேண்டும், கீழே போடும் பெட்டியில் இல்லை. வைத்தியரிடம் மருந்தின் பெயரையும் அளவையும் ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். கடையில் விற்கும் பெயரை எழுதினால் இத்தாலியில் யாருக்கும் விளங்காது, மருந்தின் மூலப்பெயர் வேண்டும். வாந்தி எடுத்துச் சாப்பிடாமல் இருந்தால் சீனிக் குளிசையை என்ன செய்வது என்று இப்போதே கேட்டு வையுங்கள், அதுதான் அவருக்கு முக்கியம். கப்பலில் வைத்தியர் இருக்கிறாரா, தாதி மட்டுமா என்றும் கேளுங்கள்.

மற்றபடி இஞ்சி, உலர்ந்த பிஸ்கட், வெளித்தளத்தில் நின்று தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்ப்பது. அறைக்குள் போய்ப் படுத்து ஃபோனைப் பார்த்தால் கட்டாயம் வரும்.

---

வாவிக்கரையாள் (கல்லடி)

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. காக்கா, நீங்கள் சொன்ன படிப் பரீட்சையை இன்றைக்கே செய்து பார்த்தோம், அம்மா ஒரு கையால் சுவரைப் பிடித்துத்தான் இறங்கினார். ஆகவே பினிசியை விட்டுவிட்டோம், அண்ணாவும் ஒத்துக்கொண்டார். இத்தாலி, சிசிலி, மால்டா பக்கம் ஒரு நிரல் பார்த்திருக்கிறோம், நடுவில் ஒரு முழு நாள் கடல். இன்னொரு நிரல் குரோஷியா, மொண்டெனேகுரோ. இரண்டாவதில் கடல் அமைதி, விலையும் குறைவு.

இனி விசா. நாங்கள் நால்வரும் இலங்கைக் கடவுச்சீட்டு. கப்பல் நாடு நாடாகப் போகும்போது ஒவ்வொன்றுக்கும் தனி விசாவா? கப்பலுக்கு முதலும் பிறகும் சூரிச்சில் அண்ணா வீட்டில் நிற்போம். காசை எப்போது கட்டுவது?

---

சூரிச் அக்கரைப்பற்றான்

தங்கச்சி, நம்முடைய சொந்தக்காரர் பலரை இந்த வழியால் இங்கே கூப்பிட்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

சுவிஸ், இத்தாலி, மால்டா மூன்றும் ஷெங்கனுக்குள் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு), ஒரே விசா போதும், முதல் நிரலில் நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியே போகவே இல்லை. குரோஷியா 2023 ஜனவரி முதலாம் திகதி ஷெங்கனில் சேர்ந்தது, ஆனால் மொண்டெனேகுரோ வெளியே. இரண்டாவது நிரலை எடுத்தால் மொண்டெனேகுரோவின் கோட்டோர் துறைக்குள் போய்த் திரும்பும்போது மறுபடி ஷெங்கனுக்குள் நுழைகிறீர்கள், ஒருமுறை நுழைவு விசா என்றால் அதோடு முடிந்தது. பலமுறை நுழைவு விசா தேவை, மொண்டெனேகுரோவின் அனுமதியையும் தனியாகப் பார்க்க வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டோடு போகிறவர் அந்த விலைக் குறைவுக்காக இந்தத் தலையிடியை எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. துருக்கி போகும் நிரல்களுக்கும் இதுதான் கதை.

எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது என்றால், அதிக நாள் எங்கே நிற்கிறீர்களோ அந்த நாட்டுக்கு. கப்பல் ஏழு நாள், அண்ணா வீட்டில் அதைவிடக் கூட என்றால் சுவிசுக்கு. அண்ணாவின் அழைப்புக் கடிதத்தோடு கப்பல் பதிவையும் வையுங்கள், நாள் வாரியாக எங்கே இருப்பீர்கள் என்று ஒரு தாளில் தெளிவாக எழுதுங்கள். கப்பலை மறைத்து அண்ணா வீட்டுக்கு மட்டும் என்று எழுத வேண்டாம். பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முதலிலிருந்தே விண்ணப்பிக்கலாம், சாதாரணமாக 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும், சில வேளை 45 நாள்வரை இழுக்கும். ஆகஸ்ட் பயணத்துக்கு ஏப்ரலில் கொடுத்துவிடுங்கள், பிந்தினால் கொழும்பில் நேரம் கிடைக்காது. கைரேகைக்கு நால்வரும் நேரே போக வேண்டும், இரவு ரயிலில் போய் அன்று இரவே திரும்புவது அம்மாவுக்குக் கஷ்டம், ஒரு நாள் தங்குங்கள். கடவுச்சீட்டு பத்து வருடத்துக்குள் எடுத்ததாக, திரும்பிய பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, மறுத்தாலும் திரும்பக் கிடைக்காது.

காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருந்தால்தான் விசா. ஆனால் விசாவுக்குப் போதுமானது கப்பலுக்குப் போதும் என்று இல்லை. நடுக்கடலில் இருந்து ஹெலிகொப்டரில் ஆளை எடுக்கும் செலவு சேர்ந்திருக்கிறதா, அப்பாவின் சீனியும் பிரஷரும் முன்பே உள்ள வருத்தம் என்று ஒதுக்கப்படுகிறதா, இரண்டையும் வாசித்துப் பாருங்கள். வருத்தத்தை மறைக்காமல் எழுதிக் கூடுதல் காசு கட்டுவதுதான் நல்லது.

காசைப் பற்றி: முற்பணம் மட்டும் கட்டிப் பதிவு செய்யுங்கள், விசா மறுத்தால் எவ்வளவு திரும்பும், எந்தத் திகதிவரை என்று எழுத்தில் வாங்குங்கள். விளம்பர விலைக்கு மேலே துறைமுகக் கட்டணம், மாலுமிகளுக்கான அன்பளிப்பு, கரைச் சுற்றுலா, குளிர்பானம் என்று சேரும், எல்லாம் சேர்த்து எட்டுப் பேருக்கு எவ்வளவு என்று ஒரே தொகையாகக் கேளுங்கள். காலநிலையால் ஒரு துறைமுகத்தை விட்டுவிட்டுப் போனால் காசு திரும்பாது என்று பொதுவாக எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும், பாய்க்கப்பலில் அதை எதிர்பார்த்தே போக வேண்டும். கப்பல் ஏறும் ஊருக்கு ஒரு நாள் முதலே போய் நில்லுங்கள், பிந்திய விமானத்துக்காகக் கப்பல் நிற்காது.

---

கல்முனைக் கப்பற்காரன்

இத்தாலி, மால்டா நிரல் நல்ல முடிவு தங்கச்சி. மிச்சத்தையும் சொல்லி விடுகிறேன்.

சாப்பாடு: பாய்க்கப்பலின் குசினி சின்னது, ஏறும்போது ஏற்றிய சாமான்தான் கிழமை முழுக்க. வெள்ளிக்கிழமை மரக்கறி என்பதைக் கப்பலில் ஏறிச் சொன்னால் அவித்த உருளைக்கிழங்குதான் வரும். பதிவு செய்யும்போதே எழுத்தில் கொடுங்கள், முட்டை, மீன் எதுவும் இல்லை என்று தெளிவாக எழுதுங்கள், அவர்களுக்கு மரக்கறி என்றால் மீன் சேரும் என்று நினைக்கிறவர்களும் உண்டு. ஏறிய அன்றே சாப்பாட்டு அறையின் பொறுப்பாளரைக் கண்டு அம்மாவை அறிமுகப்படுத்துங்கள், முகம் தெரிந்தால் நாங்கள் தனியாகவே செய்து கொடுப்போம். இடிச்ச தூளும் எலுமிச்சை ஊறுகாயும் கொஞ்சம் கொண்டு போகலாம். பாலோ இறைச்சியோ சேர்ந்த சாமானைப் பொதுவாக ஐரோப்பாவுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள், பால்கோவாவை வீட்டிலேயே சாப்பிட்டு முடியுங்கள்.

பெட்டி: சில்லுப் பூட்டிய பெரிய கடினப் பெட்டி வேண்டாம், அறையில் வைக்க இடமில்லை, மடித்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளும் துணிப்பை எடுங்கள். உடுப்பு எளிமை, இரவுச் சாப்பாட்டுக்குக்கூடக் கோட்டும் சூட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். அம்மா ஒரு மாலையில் சேலை உடுக்கட்டும், ஆனால் ஏணிப்படி இறங்கும் நாளில் சல்வார்தான், சேலைக் கரை படியில் மாட்டும். செருப்பு முக்கியம். வெறும் ரப்பர் செருப்பு ஈரத்தளத்தில் வழுக்கும், குதியைப் பிடிக்கும் வாரோடு, அடியில் கோடு வெட்டிய செருப்பு வாங்கி இப்போதே போட்டுப் பழகட்டும். தொப்பிக்குக் கயிறு கட்டுங்கள். ஆகஸ்டிலும் இரவில் பாய் ஓடும்போது தளத்தில் குளிரும், காற்றுத் தாங்கும் ஜாக்கெட் ஆளுக்கொன்று.

பிள்ளைகளுக்கு: கப்பலின் முன்பக்கமான அணியத்துக்கு வெளியே நீட்டி நிற்கும் மரத்துக்கு அடியில் வலை கட்டியிருக்கும், அதில் படுத்தால் கீழே கப்பல் தண்ணீரை வெட்டிப் போவது தெரியும், சில வேளை ஓங்கில் (டொல்பின்) கூடவே வரும். இடுப்பில் பட்டி போட்டுப் பாய்மரத்தில் ஏறவும் விடுவார்கள், காற்றும் கடலும் இடம்கொடுத்தால் மட்டும். வயதெல்லை, உயரம் கப்பலுக்குக் கப்பல் வேறுபடும், 13 வயதுப் பொடியனுக்கு எதிர்பார்ப்பைக் கொடுக்கமுதல் கேட்டு எழுதி வாங்குங்கள். சின்னவளை ஏற விடுவது சந்தேகம், அவளுக்குச் சுக்கான் பிடிக்கக் கிடைக்கிறதா என்று கப்டனை நேரே கேட்கலாம், அமைதியான நேரத்தில் ஒருவர் பக்கத்தில் நின்று பிடிக்க விடுவார்கள். அப்பாவையும் அங்கே கூட்டிப் போங்கள். கப்டன் காலையில் தளத்தில் நின்று அன்றைய காற்றையும் பாதையையும் சொல்வார், வாவியில் காற்றுப் பார்த்த மனிசனுக்கு அது ஒவ்வொரு நாளும் பிடிக்கும், மொழிபெயர்க்க மூத்தவனைப் பக்கத்தில் நிறுத்துங்கள்.

ஏறிய அன்றே பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் உயிர்காப்பு அங்கியின் வாரை யார் கட்டுவது, எந்தப் படியால் கூட்டி வருவது என்று உங்களுக்குள் அப்போதே பிரித்துக்கொள்ளுங்கள், அண்ணா பிள்ளைகளைப் பார்க்கட்டும், நீங்களும் உங்கள் கணவரும் பெரியவர்களைப் பாருங்கள்.